எட்டு மாதம் தேயாத ஸ்கின்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும். இது என் வீட்டுக்காரருக்குத் தெரியும், என் மகளுக்குத் தெரியும், நான் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் வளாகத்தின் மூன்று மாடிக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பேச்சு வராமல் நின்றேன் என்று சொன்னால், அந்த வளாகத்தில் பாதிப் பேர் இன்றும் நம்ப மாட்டார்கள்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது மாடியில் படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு மேசை, ஒரு டியூப் லைட், பின்சுவரில் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் தாள். லேப்டாப்புக்கு ஸ்கின் ஒட்டுவதுதான் என் பிழைப்பு. மூடிக்கு ஒன்று, அடிப்பக்கத்துக்கு ஒன்று, உள்ளே கை வைக்கும் இடத்துக்கு ஒன்று. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, தூசி இல்லாமல் பார்த்து, தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, ஹேர் டிரையரால் சூடு காட்டி, விளிம்பிலிருந்து ஒரு மயிரிழை உள்ளே தள்ளிப் பிளேடால் வெட்டுவேன். விளிம்போடு விளிம்பாக வெட்டினால் பையில் உரசிச் சீக்கிரம் உரிந்துவிடும்.

இன்னொன்றும் செய்வேன். உள்ளே கை வைக்கும் இடத்து ஸ்கின்னுக்கு மட்டும் மேலே கண்ணாடி போல ஒரு மெல்லிய தாள் வரும். அதை நான் உரிக்க மாட்டேன். "நாளைக்கு மத்தியானம் நீங்களே உரிச்சுடுங்க. அதுக்குள்ள பசை நல்லாப் பிடிச்சுக்கும்" என்று சொல்லி அனுப்புவேன். எல்லாரும் உரிப்பார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது, கை வழுக்கும், வியர்க்கும்.

பன்னிரண்டு வருடமாக இதே வேலை என்பதால், தேய்மானத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். மூடியில் வட்டக் கறை இருந்தால் டீ கப் வைக்கிற சோம்பேறி. இடது பக்கம் மட்டும் கீறல் இருந்தால் மோதிரக்காரர். மூலை நான்கும் வெளுத்திருந்தால் தினமும் பையில் வைத்துச் சுமந்து திரிகிறவர். பக்கத்து மேசையில் சார்ஜர் பழுது பார்க்கும் அண்ணன் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "ஊர்ப்பட்ட லேப்டாப்புக்கு ஒட்டுறே. ஒருநாள் உன் வாய்க்கும் ஒண்ணு ஒட்டிக்கோ தாயே, மாடியே நிம்மதியா இருக்கும்" என்பார்.

திங்கட்கிழமை மாலை ஆல்பம் அக்கா வந்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. கல்யாண ஆல்பம் தயாரித்துக் கொடுக்கிறவர், கனத்த குரல். வந்த வேகத்தில் லேப்டாப்பை என் மேசையில் வைத்துத் திறந்தார். கை வைக்கும் இடத்தில் நான் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்கின், இரண்டு உள்ளங்கை அளவுக்குப் பளபளவென்று தேய்ந்து கிடந்தது.

"ஒரு வருஷம் கேரண்டின்னு சொன்னே. அஞ்சே மாசத்துல வழுக்கை விழுந்துடுச்சு பாரு!"

படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"கைக்கு என்னக்கா போடுறீங்க? ஏதாவது எண்ணெய், கிரீம்?"

"தண்ணி போடுறேன். சோப்பு போடுறேன். கேக்குற கேள்வியைப் பாரு!"

"வளையலு?"

"என் கையைப் பாரு. வளையல் தெரியுதா உனக்கு?"

தெரியவில்லை. பேசாமல் புது ஸ்கின் ஒட்டிக் கொடுத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பத்துப் பேர் பார்க்கும்போது இறங்கிப்போக எனக்கு எப்போது தெரிந்தது?

"இதே சுருள்ல வெட்டின ஸ்கின் என் வீட்டுக்காரர் லேப்டாப்புலயும் இருக்குக்கா. எட்டு மாசம் ஆச்சு. அவரு கட்டடப் படம் வரையிறவரு, தினம் எட்டு மணி நேரம் அதுலதான் கையி. நாளைக்கு வாங்க, காட்டுறேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? நீங்களே நேர்ல பார்த்துக்கோங்க."

"அதுவும் தேஞ்சிருந்தா?"

"உங்களுக்கு மூணு பக்கமும் சும்மாவே ஒட்டித் தரேன். இதே இடத்துல நின்னு மன்னிப்பும் கேக்குறேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று அக்கா படிக்கட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சார்ஜர் அண்ணன் தலையை நிமிர்த்தாமலே, "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். நான் அவர் மேல் ஒரு பழைய துணியை விட்டெறிந்தேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு பதில் சொல்கிற மனிதர். எனக்கும் சேர்த்து அவர் அமைதி, அவருக்கும் சேர்த்து நான் சத்தம் என்று ஒன்பது வருடம் ஓடிவிட்டது. நான் அவரைக் கட்டிக்கொண்டதே அவர் கைக்காகத்தான். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன்.

என் அப்பா கல் உடைத்தவர். உள்ளங்கை அரம் மாதிரி இருக்கும். ஆசையாகக் கன்னத்தைத் தடவ வந்தால், "போப்பா, கீறுது" என்று தட்டிவிடுவேன். சின்ன வயதில் ஆரம்பித்தது, பெரியவளான பிறகும் விடவில்லை. ஒரு கட்டத்தில் அவர் தடவ வருவதையே நிறுத்திவிட்டார். கல்யாணப் பேச்சு எடுத்து இவரை முதன்முதலாகப் பார்த்த அன்று, நான் சம்பளம் கேட்கவில்லை, வீடு வாசல் கேட்கவில்லை. "கையைக் காட்டுங்க" என்றேன். அவர் பயந்துபோய் இரண்டு கையையும் நீட்டினார். பஞ்சு மாதிரி இருந்தது. நடுவிரலில் பென்சில் பிடித்த இடத்தில் மட்டும் குட்டியாக ஒரு மேடு. சம்மதம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

அப்படிப்பட்டவர் கொஞ்ச காலமாக ஒரு மாதிரியாக இருந்தார். ஆபீசில் எல்லாருக்கும் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றார். நான் அந்த ஆபீசை ஒரு வாரம் வீட்டுக்குள்ளிருந்தே திட்டித் தீர்த்தேன். சாப்பாட்டைக் கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தார். கேட்டால், "மவுஸ் பிடிச்சுப் பிடிச்சுக் கை நோவுது" என்பார். கைக்குத் தடவும் கிரீம் டப்பா ஒன்று வாங்கி வந்தார். "என்ன, சினிமாவுல நடிக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காலையில் என்னை எழுப்புவதும் புறங்கையால்தான், கன்னத்தில் லேசாக இரண்டு தட்டு. "டாக்டரய்யா வந்துட்டாரு" என்று அதையும் கிண்டல் செய்தேன். ஒன்பது மணிக்கே அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிடுவார். வயதாகிறது, வேறென்ன என்று விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது லேப்டாப்பைக் கேட்டேன். அவர் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"நாளைக்கு வேண்டாம். முக்கியமான படம் ஒண்ணு முடிக்கணும்."

"அரை மணி நேரம்தாங்க. அந்தம்மாவுக்குக் காட்டிட்டு, நானே உங்க ஆபீசுல கொண்டுவந்து தரேன். ரெண்டு ஸ்டாப்புதானே?"

"ஆபீசுக்கெல்லாம் நீ வரக் கூடாது!"

"என் மானம் போகுதுங்க. பத்துப் பேர் முன்னாடி சவால் விட்டுட்டு வந்திருக்கேன்."

"வேண்டாம்னா விடேன்!"

கத்திவிட்டார். ஒன்பது வருடத்தில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. மகள் என்னைப் பார்த்தாள், நான் மகளைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அடுத்த நிமிடமே கோபம் வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் தாளைக் காட்டுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? இருங்க, உங்களுக்கு இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடையில் மாதிரி காட்டுவதற்கு ஒரு டம்மி வைத்திருக்கிறேன். செத்துப்போன லேப்டாப்பின் கூடு, உள்ளே ஒன்றும் கிடையாது, கனத்துக்காக ஓர் இரும்புத் துண்டைத் திணித்து வைத்திருப்பேன். புதிதாக வந்த பூனைக்குட்டிப் படம் போட்ட ஸ்கின்னை ஒட்டிப் பார்க்க அதை அன்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும் வாசலில் இருந்த அவர் பையைத் திறந்தேன். அவருடையதை எடுத்து என் பைக்குள் போட்டேன். பூனைக்குட்டி ஒட்டிய டம்மியை அவர் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, மகளைப் பள்ளியில் விடக் கிளம்பிவிட்டேன்.

என் கணக்கு இதுதான். பத்து மணிக்கு அவர் ஆபீசில் பையைத் திறப்பார். ஊதா நிறத்தில் கண்ணை உருட்டிக்கொண்டு பூனைக்குட்டி வெளியே வரும். அலறியடித்துக்கொண்டு எனக்குப் போன் செய்வார். நான் கொஞ்ச நேரம் கெஞ்சவிட்டு, பத்தரைக்குள் அக்காவிடம் காட்டி முடித்து, லேப்டாப்போடு போய் நின்று, ஆபீசே சிரிக்க மன்னிப்புக் கேட்பேன்.

கடையைத் திறந்து போனை மேசை நடுவில் வைத்தேன். சார்ஜர் அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பத்து அடித்தது. போன் அடிக்கவில்லை. பத்தே கால். "மீட்டிங்கா இருக்கும்" என்றேன். பத்து இருபது. "லேட்டா போயிருப்பாரோ?" என்றார் அண்ணன். என் வீட்டுக்காரராவது, லேட்டாகப் போவதாவது.

பத்தரைக்கு ஆல்பம் அக்கா வந்துவிட்டார். நேற்றுப் படிக்கட்டில் நின்றவர்களில் பாதிப் பேரும் கூடவே வந்துவிட்டார்கள். வேலை வெட்டி இல்லாத ஜனம். நான் எழுந்து நின்று, லேப்டாப்பை மூடியபடியே டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தேன்.

"முதல்ல மூடியைப் பாருங்க. நாலு மூலையும் வெளுத்திருக்கா? தினமும் பையில போய்ட்டு வர்ற லேப்டாப்புக்குத்தான் இப்படி வெளுக்கும். இது அலமாரியில தூங்கின பொருள் இல்ல, உழைச்ச பொருள். ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன். திற."

திறந்தேன்.

கை வைக்கும் இடத்தில் ஸ்கின், நான் ஒட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு தேய்மானம் இல்லை. "அடேயப்பா!" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

"எட்டு மாசம்! தினம் எட்டு மணி நேரம்! இப்ப சொல்லுங்க, தப்பு என் ஸ்கின்லயா, உங்க கையிலயா?"

அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு விரலால் தடவினார். அப்புறம் ஓரத்தில் நகத்தை வைத்து நெண்டினார்.

"ஏம்மா, இது என்ன? மேல கண்ணாடி மாதிரி ஒரு தாள் இருக்கே?"

சர்ர்ரென்று ஒரு சத்தம். என் வாழ்நாளில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். அக்காவின் கையில் அந்த மெல்லிய தாள் முழுசாக ஆடிக்கொண்டிருந்தது.

"மறுநாள் மத்தியானம் உரிச்சுடணும்னு எனக்குச் சொல்லி அனுப்பினியே, அந்தத் தாளுதானே இது?"

அதேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டிக் கொடுத்து, "நாளைக்கு மத்தியானம் உரிச்சுடுங்க" என்று அவரிடமும் சொல்லியிருந்தேன். எட்டு மாதமாக அது உரிபடவே இல்லை. உரிபடாத தாளின் மேல் ஒரு கைரேகைகூட இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது நான் யார் மேலாவது பாய்ந்திருப்பேன்.

"மூலை வெளுத்திருக்கு," என்றார் சார்ஜர் அண்ணன், மெதுவாக. "தினமும் எடுத்துட்டுப் போறாரு. ஆனா..."

மீதியை அவர் சொல்லவும் வேண்டியதில்லை. தேய்மானத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிறவள் நான்தானே. தினமும் சுமக்கிறார், ஒருநாளும் திறந்ததில்லை. மேசை நடுவில் போன் கறுப்பாகக் கிடந்தது. இன்றைக்கும் அவர் பையைத் திறக்கவில்லை.

"உன் வீட்டுக்காரரு அப்போ எதுலம்மா வரையிறாரு?" என்று ஆல்பம் அக்கா கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அண்ணன் ஒரு பாட்டில் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். நான் லேப்டாப்பை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை, நடந்தேன். இரண்டு ஸ்டாப் தூரத்தில் ஒரு பெண் பிள்ளை எத்தனை விதமாகச் சாக முடியுமோ அத்தனை விதமாகச் செத்தேன். வேறு யாராவது இருக்கிறாளா? எந்த வீட்டில் போய் உட்காருகிறார்? கைக்குக் கிரீம் யாருக்காக? உடம்புக்கு ஏதாவதா, மருத்துவமனையில் படுத்துக் கிடந்துவிட்டு வருகிறாரா? நேற்று அந்தக் கத்து கத்தினாரே! காலையில் மகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிற மனுஷன் எட்டு மாதமாகப் பொய்யை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டா போகிறார்? ரோட்டில் ஒரு ஆள் மேல் மோதி, மோதியதற்கு அவரையே திட்டினேன்.

அவர் ஆபீஸ் இருக்கிற கட்டடத்துக்குள் நான் அதுவரை போனதில்லை. என் வாயால் அவர் வேலைக்கு வேட்டு வேண்டாம் என்று நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. கீழே கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை. பெயர் சொல்லி, அவரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நீங்க?"

"அவரோட சம்சாரம்."

அவர் எழுந்து நின்றார். அந்த எழுந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

"சார் மேல மீட்டிங்ல இருக்காரும்மா. நான் சொல்லிடறேன், நீங்க போய்ட்டு..."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டேன். அவருடைய நாற்காலிக்கு அடியில், குடைக்கும் சாப்பாட்டுப் பைக்கும் நடுவில், என் வீட்டுக்காரரின் பை. ஜிப்பில் என் மகள் கட்டிவிட்ட பச்சை நூல்.

"ஐயா," என்றேன். "அந்தப் பைக்குள்ள ஒரு பூனைக்குட்டி இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?"

அவருக்குப் பூனைக்குட்டி புரியவில்லை, மற்றது புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. யாராவது கேட்டா அப்படிச் சொல்லச் சொல்லியிருக்காரு. எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் ஒருத்தர் வந்து கேக்குறீங்க."

"அவரு இங்க வேலை பார்க்கலையா?"

"அந்த வரையிற வேலையையே எடுத்துட்டாங்கம்மா. இப்ப ஏதோ மெஷினே போட்டுக் குடுத்துடுதாம். ஆறு பேரை ஒரே நாள்ல அனுப்பிட்டாங்க. அது ஒரு திங்கக்கிழமை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. லேப்டாப்புக்குப் புதுசா ஏதோ ஒட்டியிருக்குன்னு காலையில இந்தா, இங்க நின்னு எனக்குக் காட்டினாரு. 'வீட்டுல ஒட்டிக் குடுத்தா, மத்தியானம்தான் மேல் தாளை உரிக்கணுமாம்'னு சிரிச்சாரு. மேல போனவரு பத்து மணிக்கெல்லாம் பையோட இறங்கிட்டாரு. அந்தப் படியிலேயே உக்காந்திருந்தாரு, சாயங்காலம் வரைக்கும்."

நான் அந்தப் படியைப் பார்த்தேன். சாதாரணப் படி. அதன் மேல் கால் வைத்துத்தான் உள்ளே வந்திருந்தேன்.

"இப்ப எங்க இருக்காரு?"

"பின்னாடித் தெருவுல டைல்ஸ் கிடங்கு இருக்கு. லாரியில வர்ற பெட்டியை இறக்குறாரு. பையைத் தூசியில வைக்கக் கூடாதுன்னு காலையில என்கிட்ட குடுத்துட்டுப் போவாரு, சாயங்காலம் கையைக் காலைக் கழுவிட்டு வந்து வாங்கிக்குவாரு. அங்கேயே மாட்டி வைக்கலாமேன்னு நான்கூடச் சொன்னேன். 'இதுல ஒரு கீறல் விழுந்தா வீட்டுல கண்டுபிடிச்சுடுவாம்பா'ன்னாரு." அவர் கொஞ்சம் தயங்கினார். "இதை ஏன் வீட்டுல மறைக்கிறீங்கன்னு கேட்டேம்மா. அதுக்கு மட்டும் பதில் சொல்லல."

இன்னொருத்தி இல்லை. நோய் இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. அடப்பாவி மனுஷா, வேலை போனால் என்ன? நான் என்ன தூக்கு மாட்டிக்கொள்ளவா போகிறேன்? என்னிடம் சொல்ல வாய் இல்லையா? இத்தனை வருடம் ஒரே தட்டில் தின்றுவிட்டு, ஒரு செக்யூரிட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா? பின்னாடித் தெருவுக்கு நடக்கும்போதே ஒவ்வொரு வாக்கியத்தையும் தீட்டி வைத்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறேன். கேட்டால்தான் எனக்கு ஆறும்.

கிடங்கு வாசலில் லாரி நின்றது. ஐந்தாறு பேர் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லார் மேலும் வெள்ளைத் தூசி. இரண்டு தடவை பார்த்தும் எனக்கு அவரைத் தெரியவில்லை. மூன்றாவது தடவை, ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிய ஆள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நைந்துபோன சட்டை, தலையில் துண்டு. என் வீட்டுக்காரர்.

பின்னால் நின்றவர், "என்னப்பா, சீக்கிரம்!" என்றார். இவர் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் முதல் வேலையாக இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. ஓடவில்லை. 'நீ எப்படி இங்கே' என்று கேட்கவில்லை. கையை மட்டும் மறைத்தார்.

தீட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வாயில் இல்லை. கரண்டி, கிரீம், நெற்றியில் வைத்த புறங்கை, கன்னத்தில் லேசாக இரண்டு தட்டு, எல்லாம் ஒரே சமயத்தில் வந்து என் மேல் விழுந்தன. தெருவில் யார் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கிட்டே போனேன்.

"கையைக் காட்டுங்க."

"வேண்டாம்."

"காட்டுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீட்டிய மாதிரியே, பயந்துபோய் நீட்டினார்.

விரல் அடியில் நான்கு காய்ப்பு, ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அளவு. கட்டைவிரலில் பெட்டி முனை கிழித்த கோடு, ஆறி, மறுபடி அதே இடத்தில் கிழித்து, மறுபடி ஆறியது. இடது உள்ளங்கையில் தோல் வழன்று ஒரு பிளாஸ்திரி, அதுவும் பாதி உரிந்திருந்தது. வெடிப்புக்குள் எல்லாம் வெள்ளைத் தூசி. நடுவிரலில் பென்சில் மேடு இருந்த இடத்தைத் தேடினேன். இல்லை. வேறு காய்ப்பு அதை மூடிவிட்டது. முன்பின் தெரியாதவர்களின் லேப்டாப்பில் மோதிரக் கீறலைக் கண்டுபிடித்துப் பீற்றிக்கொள்கிற எனக்கு, என் வீட்டில், என் தட்டுக்கு எதிர்த்தட்டில் இருந்த கை தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு முன்னால் நான் அப்படி வெட்கப்பட்டதே இல்லை.

"எட்டு மாசமா என்னைப் புறங்கையாலேயே தொட்டீங்க," என்றேன். "ஏங்க?"

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.

"உள்ளங்கை உனக்குக் கீறுமே," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் ஊர் சிரிக்கச் சொன்ன கதைதான். ஒன்பது வருடமாக நான் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தானே. அப்பா தடவ வருவதை எப்போது நிறுத்தினார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த டைல்ஸ் கிடங்கு வாசலில் நின்றுகொண்டு யோசித்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு அழத் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

வரிசையில் நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவருடைய வலது கையை எடுத்து, உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்து, மேலே என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். தூசி, வியர்வை, காய்ப்பு.

அவர் பதறிப்போனார்.

"கீறுதா?"

"கீறுது," என்றேன். "எடுக்காதீங்க."